என்னைக் கண்டு மிரண்ட கிராண்ட்மாஸ்டர்

அர்மீனியாவிலிருந்து வந்த ஒரு கிராண்ட்மாஸ்டர் என் ஆட்டத்தைக் கண்டு கதிகலங்கிப் போயிருக்கிறார் என்று ஒரு முற்பகல் முழுக்க நான் நம்பினேன். அரைமனதாக அல்ல, சத்தியமாக நம்பினேன். காரைக்குடியில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு, பிரேக் ஷூவையும் கிளட்ச் கேபிளையும் தவிர வேறெதுவும் உருப்படியாகத் தெரியாதவனுக்கு, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

அவர் சென்னையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று தெரிந்ததும் எங்கள் ஊர்ச் சதுரங்கக் கழகம் அவரை விடவில்லை. கொத்தமங்கலத்தில் கல்யாணத்துக்கும் சினிமாக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுகிற ஒரு பெரிய வீட்டைப் பிடித்தார்கள். அவர் ஒருவரே எங்கள் எல்லாரோடும் ஒரே நேரத்தில் ஆடுவார், பிறகு சாப்பாடு. பேனரில் அவர் படத்தைவிட நிர்வாகிகளின் படம் பெரிது. பேனர் அடிப்பதுதான் கழகத்தின் பணி. மற்ற நாளெல்லாம் அதை எங்கே சுருட்டி வைப்பது என்று கூட்டம் போடுவோம்.

வரவேற்புரை என் தலையில் விழுந்தது. யார் வீட்டில் காது குத்தினாலும் மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைப்பவன் என்பதே என் தகுதி. செல்போனில் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவர் வளர்ந்த காலத்தில் அர்மீனியாவில் போர், கொல்லும் குளிர், எப்போதாவது வருகிற மின்சாரம். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, கையுறை போட்ட விரலால் காய் நகர்த்திப் பழகினாராம். மீசை சரியாக முளைக்கும் முன்பே கிராண்ட்மாஸ்டர். நாட்டு அணியில் ஆடிப் பதக்கம் வாங்கி, இப்போது தேசம் தேசமாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். அதே வயதில் எங்கள் தெருவில் கரண்ட் போனபோது நான் செய்தது, ‘ஓ’வென்று கத்தியது. கரண்ட் வந்ததும் மறுபடி கத்தினேன். என் சாதனை வரலாறு அத்தோடு முடிகிறது.

கல்லூரியில் நான் சதுரங்க சாம்பியன் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தேன். மனைவியின் அண்ணன், திருப்பத்தூரில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் என் மச்சான், அதை இன்றுவரை மறக்கவில்லை. காலையிலேயே ஆரம்பித்தார்.

“மாப்ளே, சாம்பியன் நீங்க இருக்கையில ஒரு பந்தயம் வேணாமா? மொத ஆளாத் தோத்து எந்திரிக்கிறவுகதான் இன்னைக்குப் பந்தியில எல்லார் எலையையும் எடுக்கணும்.”

“நீங்கதான் எடுக்கப் போறீக மச்சான். வேட்டிய இப்பவே மடிச்சுக் கட்டிக்கங்க.”

வாய் சொல்லிவிட்டது. வயிறு அப்புறம்தான் யோசித்தது. மனைவி வீட்டார், கடைக்கு வருகிறவர்கள் என்று பாதி ஊர் அங்கே சாப்பிட உட்காரும். அத்தனை பேர் முன்னால் வீட்டு மாப்பிள்ளை எச்சில் இலை எடுப்பதைப் பேரன் பேத்தி காலம் வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தார்கள். நான் முந்திப் போய், வாசலுக்கு முதுகு காட்டிய நாற்காலியில் துண்டைப் போட்டேன். அந்த வீடுகளில் முன்வாசலும் பின்வாசலும் ஒரே கோட்டில் இருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். அந்தக் கோட்டில் இருந்தது என் மேசை ஒன்றுதான். இதைத் தெரிந்தே பிடித்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் மின்விசிறிகள் நின்றன. மாதாந்திரப் பராமரிப்பு. மின்தடை அறிவிப்பைக் கழகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. சித்திரை வெயில் வளவில் நின்று எங்களைப் பார்த்தது. கிராண்ட்மாஸ்டர் கோட்டைக் கழற்றினார். ஒவ்வொரு மேசையாக வந்தார். மற்றவர்களிடம் ஒரு பார்வை, ஒரு காய், அடுத்த மேசை. என்னிடம் வந்ததும் நின்றார்.

நின்றார் என்றால் அப்படியொரு நிற்பு. கண்கள் பாதி மூடியிருந்தன. மூச்சை இழுத்து விட்டார். அடுத்த சுற்றிலும் அதே. அதற்கடுத்த சுற்றில் இன்னும் கூடுதல்.

“அய்யய்யோ, என்ன மாப்ளே பண்ணீக அவரை?” என்றார் பக்கத்து மேசை மச்சான், குரலைத் தாழ்த்தி. “எங்கிட்டயெல்லாம் ஈ ஒக்காந்து எந்திரிக்கிற மாதிரி போறாரு. ஒங்ககிட்ட வேரு விட்டு நிக்கிறாரு!”

“சும்மா இருக்கீகளா. கவனம் கலையுதுல்ல.”

உள்ளே எனக்குப் பயம் வந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயமில்லை. ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். குதிரையை அங்கே எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது. நிருபர் கேட்டால் என்ன சொல்வேன்? போர், குளிர், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் தாண்டி வந்த மனிதரின் பெயர் கடைசியில் கொத்தமங்கலத்தில், ஒரு கிளட்ச் கேபிள் வியாபாரியால் கெட வேண்டுமா? அவருக்கு வீட்டில் பிள்ளைகள் இருப்பார்களே. கைக்குட்டை நனைந்தது. எனக்கு இரக்கம் பொங்கியது. ஆமாம், இரக்கம்!

அடுத்த முறை அவர் வந்து நின்றபோது, பெருந்தன்மையோடு எழுந்து கையை நீட்டினேன்.

“டிரா?”

அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, அந்த நிற்புகளில் முதல்முறையாகக் குனிந்து பலகையைக் கவனமாகப் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்ததும் இரக்கம்தான், ஆனால் அசல் சரக்கு. ராணியை எடுத்து என் ராஜாவின் பக்கத்தில் வைத்தார். செக்மேட். நான் நீட்டியிருந்த கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மாப்ளே,” என்றார் மச்சான், “பின்கட்டு அங்குட்டு இருக்கு. எச்செலை போடுற எடத்தப் பாத்து வச்சுக்கங்க.”

சுற்றிலும் எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் மூலைக்குப் போய்த் தூணில் சாய்ந்தேன். கிராண்ட்மாஸ்டர் அடுத்த சுற்றைத் தொடங்கினார். ஒரு பார்வை, ஒரு காய், அடுத்த மேசை. என் மேசைக்கு வந்தார். அங்கே ஆளில்லை, ஆட்டமும் இல்லை, காய்களைக்கூடப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அவர் நின்றார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, வாசலைப் பார்த்தபடி, பாதி கண்ணை மூடி, முன்பு நின்ற அதே அளவு நேரம் நின்றார். சட்டை லேசாகப் படபடத்தது.

அவர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் தோற்றது நான். இலைகளை நான்தான் எடுத்தேன், மச்சான் இலை உட்பட.