துப்பாக்கிவில்

துணிப்பைக்குள் மரக்காய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், யாரோ கூழாங்கற்களை மெல்லுவதுபோல் இருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனில் என் நண்பன் ராபின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தொண்ணூறுகளின் ஒரு கோடை முழுவதும், அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எங்களில் ஒருவன் பிழைத்தான் அல்லது செத்தான்.

ராபினின் அக்கா ஸ்டெல்லாவுக்கு வெளிநாட்டு மாமா அனுப்பிய ஆங்கிலப் புத்தகத்தை வைத்து ஆடும் விளையாட்டு அது. ஆளுக்கொரு வீரன், அக்கா கதை சொல்லச் சொல்ல, நாங்கள் குகைகளுக்குள் போய்ச் சண்டை போட வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, ஜீவனஹள்ளியிலிருந்து அப்பாவோடு பெயின்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்க வராது. விதிகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தேன். என் வீரனிடம் இருந்தது 'கிராஸ்போ'. நான் வைத்த பெயர் "துப்பாக்கிவில்". படுக்கைவாட்டில் பிடித்து, நாணை இழுத்து மாட்டி, விசையை அழுத்தினால் அம்பு கவசத்தையும் துளைக்கும். ஆனால் ஒருமுறை எய்துவிட்டால் அடுத்த சுற்று முழுவதும் நாணேற்றுவதிலேயே போய்விடும். ஏற்றிய வில்லை எய்யாமல் எத்தனை சுற்று வேண்டுமானாலும் பிடித்திருக்கலாம். நண்பன் எதிரியோடு மல்லுக்கட்டும்போது எய்தால் பகடையில் குறைந்தது பதினைந்து வர வேண்டும். அதற்குக் குறைந்தால் அம்பு நண்பன் முதுகில்.

இருபது பக்கப் பகடை எங்களிடம் இல்லை. எண் கூப்பிட்டு ஆடும் தம்போலாப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட காய்களைப் பையில் போட்டு எடுத்தோம். தம்போலாவில் பழகிய கைகள். எடுத்த காயைத் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை, பை காலியான பிறகுதான் நிரப்புவோம்.

வீரன் செத்தவன் எழுந்து போக வேண்டும். நாற்காலி அடுத்த பையனுக்கு. வாரத்தில் ஆறு நாள் ஏணியில் நின்ற எனக்கு அந்த நாற்காலி பெரிய விஷயம்.

அந்த ஞாயிறு மதியம் எங்களோடு ஆடிய குமாரின் வீரன் செத்து, அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தான். பாலத்தில் ராட்சதனோடு ராபினின் வீரன் மட்டும் மோதிக்கொண்டிருந்தான்; அவன் விழுந்தால் அடுத்தது நான். ராட்சதனுக்காக அக்கா லூடோ பகடையை உருட்டினாள்.

"டேய் சேகர், சுட்றா!" என்று ராபின் கத்தினான்.

"இரு. பிடிச்சினு இருக்கேன்."

"இன்னாத்துக்கு? போட்டோ எடுக்கவா?"

ராபின் பைக்குள் கைவிட்டான். மூன்று, போதாது. ராட்சதனின் அடி. மறுபடி, ஆறு. மறுபடியும் அடி. "சாப்புட்ற மேசையில சாவு பேச்சு பேசாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது!" என்று சமையலறையிலிருந்து அவன் அம்மா.

நான் மேசைமேல் கிடந்த காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததெல்லாம் பெரும்பாலும் சின்ன எண்கள். ராபின் அடி வாங்க வாங்க, பைக்குள் பெரியவைதான் மிஞ்சின.

"அக்கா, எட்த்த காய் வெளியிலதானே?"

"எப்பவும் அப்டிதானே."

ராபின் மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னொரு அடி உழுந்தா நான் அவுட்டு, குரு," என்றான் என்னிடம் மெதுவாக. எடுத்தான்: நான்கு. அக்கா பகடையை உருட்டினாள். ராட்சதனின் அடி தப்பியது.

"சுடறேன்," என்றேன். பையில் ஏழெட்டுக் காய்கள்தான். ஆனால் 'ஒன்று' இன்னும் வந்திருக்கவில்லை. விரல்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் பட்டன.

பதினாறு.

ராபின் நாற்காலியில் சாய்ந்தான். "துரை தூங்கி எழுந்தாரா?" என்றபடி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"அடுத்த சுற்று?" என்றாள் அக்கா.

"நாணேத்தறேன்."

அன்றைய ஆட்டம் அதோடு நின்றது. அந்த வாரமே எங்கள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல, சந்தாபுராவுக்குப் போனோம். பிறகு நான் ஓசூர், திருப்பூர், எங்கெங்கோ. அந்த மேசைக்குத் திரும்பவே இல்லை.

சமீபத்தில் அந்தத் தெருவில் ஒரு வேலை கிடைத்தது. ராபின் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி அபார்ட்மென்ட். "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டார் காவலாளி. யாரும் வேண்டாம் என்று சொல்லி நகர்ந்தேன். அந்தத் தம்போலாப் பை எந்தக் குப்பையில் போனதோ. ஆனால் என் வீரன் சாகவில்லை. பாலத்தருகே ஏற்றிய வில்லோடு நிற்கிறான். விதிப்படி, எத்தனை சுற்று வேண்டுமானாலும் பிடித்திருக்கலாம்.