கடலுக்கு முன்னால் ஒரு கிணறு

மாலத்தீவில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் ராஜாத்திக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. பட்டச் சான்றிதழுக்கு முத்திரை வாங்கச் சென்னைக்கு அலைந்தாள். காவல் நிலையத்தில் நற்சான்று வாங்கினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும்வரை.

விமானம் இறங்கும் ஊரிலிருந்து அவளுடைய தீவுக்கு ஸ்பீடு போட்டில் மூன்று மணி நேரமாம். லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்களாம், பயப்பட வேண்டாமாம். பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயமே வந்தது. சுருளி அருவிக்குப் போனால்கூட ஓரமாக நின்று சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிறவள் அவள்.

அவள் கணவன் சுரேஷ்கண்ணனுக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். இந்தப் போகம் பழம் வெட்டி முடித்ததும் அவனும் கிளம்பிப் போவதாக ஏற்பாடு.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நீச்சல் நான் சொல்லித் தாரேன். நம்ம கெணத்துல நான் அடிக்காத டைவா!" என்றான்.

கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் அவன் பம்புசெட்டுக் குழாயடியைத் தாண்டிக் குளித்து அவள் பார்த்ததில்லை. அது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் டியூப் ஒன்றில் காற்றடித்துக் கொண்டுவந்தான். ராஜாத்தி சுடிதாரோடு படியிறங்கி, டியூபுக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தண்ணீரில் மிதந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் புல்லறுக்க வந்த சந்தனம்மாள் வேலையை விட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"கைய நல்லா வீசு! கால ஒதை!" படியில் நின்றபடி அவன் கத்தினான்.

"ஒதச்சுக்கிட்டுத்தான இருக்கேன்? நகர மாட்டேங்குது. நீங்க எறங்கி ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு."

"ஏப்பா சுரேசு, இப்பத்தான தோட்டத்துல நல்லாப் பாடிக்கிட்டுத் திரிஞ்ச?" மேலேயிருந்து சந்தனம்மாள் கேட்டாள்.

"இப்பத்தான் பிடிச்சுச்சு சின்னாத்தா."

ராஜாத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதாத பையன்கள் எத்தனையோ பேர் அவள் முன்னால் அதே முகத்தோடு நின்றிருக்கிறார்கள்.

"உண்மையச் சொல்லுங்க. ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்... மத்தவக அடிக்கிறதப் பாத்திருக்கேன்ல" என்றபடி அவன் ஒரு படி மேலே ஏறப் பார்த்தான். பாசி வழுக்கியது. தொப்பென்று தண்ணீருக்குள் போய்விட்டான்.

தலை ஒரு முறை மேலே வந்து, மறுபடி உள்ளே போனது. "ஐயோ!" என்று அலறிய ராஜாத்தி, அதுவரை நகராத டியூபோடு எப்படி அவனிடம் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையும் காலும் தாமாகவே அடித்தன. அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து டியூபின் விளிம்பில் சாய்த்தாள். சந்தனம்மாள் புல்லுக்கட்டுக் கயிற்றை வீசி, சிரிப்பும் திட்டுமாக இருவரையும் படிக்கு இழுத்தாள்.

இருமி இருமித் தண்ணீரைத் துப்பியபின் சுரேஷ்கண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "பாத்தியா, எப்பிடி அடிச்ச? இதுக்குத்தான் வேணும்னே விழுந்தேன்."

ராஜாத்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, விக்கல் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து பொழுது சாயும் முன் இருவருமே கிணற்றில் இறங்கினார்கள். அறுக்கப் புல் இல்லாத நாளிலும் சந்தனம்மாள் வந்தாள். ஊருக்குக் கிளம்புவதற்குள் ராஜாத்தி டியூப் இல்லாமலே அக்கரைப் படியைத் தொட்டுவிட்டாள். சுரேஷ்கண்ணன் மட்டும் டியூபை விடவில்லை.

ஸ்பீடு போட்டில் ஏறிய பிறகுதான், நீச்சலுக்கும் அந்தப் பயணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. படகு அலைக்கு அலை தூக்கிப் போட்டது. கூட வந்த இரண்டு டீச்சர்களும் வாந்தி எடுத்தார்கள். இவள் முன்சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லியே தீவில் போய் இறங்கினாள். கரையில் இறங்கியதும் வீடியோ காலில் கணவனைக் கூப்பிட்டுக் கடலைக் காட்டினாள்.

அவன் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அலைகளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஏத்தா, நான் வர்றதுக்குள்ள ப்ளேன் எறங்குற தீவாப் பாத்து மாறுதல் கேட்டு வாங்கிரு."