கிங் சர்க்கிள் தாண்டியதும் முக்காடு

பம்பாய் மாடுங்காவில் நான் தலையில் முக்காடு போட முடியாது. எங்கள் வீடுகளில் அது தாலி அறுத்தவள் கோலம். கல்யாணமே ஆகாதவள் போட்டுக்கொண்டு நின்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பக்கத்து முடியை முன்னால் இழுத்து ஏழெட்டுக் கொண்டை ஊசி குத்திக்கொண்டு கிளம்புவேன். பஸ் கிங் சர்க்கிள் தாண்டியதும் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொள்வேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரை நான் குஜராத்திக்காரி.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது, நெற்றிக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு முடி போயிருந்தது. வியாதி வேரையே தின்று தழும்பாக்கிவிட்டது, எந்தத் தைலமும் பலிக்காது என்றார் டாக்டர். தழும்பு சின்னதென்றால் வெட்டியெடுத்துத் தைத்துவிடலாமாம். காதோரத்து முடியைத் தோலோடு திருப்பி ஒட்டலாமாம். இல்லையென்றால் பின்மண்டையிலிருந்து துவரம்பருப்பு அளவில் முடியோடு தோல் சில்லுகள் எடுத்து முன்னால் நடலாம். எதற்கும் வியாதி அடங்கி ஒரு வருஷமாவது ஆக வேண்டும். காத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, பிடிக்கிறதா என்று பார்க்க, நாலு சில்லு நட்டுக் கட்டுப் போட்டார்கள்.

அன்றே இன்னொருத்திக்கும் அதே வியாதிக்கு அதே வைத்தியம். தாராவிக்காரி, திருநெல்வேலிப் பேச்சு, இந்தி ஒரு சொல் தெரியாது. அடுத்த செவ்வாய் வரை கட்டை அவிழ்க்காதே, தலையில் தண்ணீரோ எண்ணெயோ படக்கூடாது என்று நர்ஸ் இந்தியில் சொல்லச் சொல்ல, அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நர்ஸ் வராந்தாவைப் பார்த்து, யாருக்காவது மதராஸி தெரியுமா என்று இரண்டு தரம் கேட்டாள். நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு தமிழச்சிக்குத் தெரிந்தால் என் தலைச் சங்கதி மாடுங்காவுக்கு எட்ட எத்தனை நேரமாகும்? அவளுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன். நடுவில் வெள்ளிக்கிழமை வருகிறதே, நம் பெண்கள் எண்ணெய் முழுக்கு விடமாட்டார்களே என்பதுகூட மனசில் வந்தது.

அடுத்த வாரம் என் கட்டைப் பிரித்த டாக்டருக்குச் சந்தோஷம். நாலும் பிடித்துவிட்டன. அவள் தலையில் நாலு குழிதான் இருந்தது, சீழ் வைத்திருந்தது. என்ன செய்தாய் என்று கேட்டதற்கும் தலையாட்டினாள். இவள் தோல் ஏற்காது, இனி இவளுக்கு வேண்டாம் என்று சீட்டில் எழுதப் போனார் டாக்டர்.

அப்போதுதான் எழுந்தேன்.

"வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுண்டு குளிச்சியா?"

"ஆமாக்கா, சீயக்கா போட்டுத்தான். சுத்தமா இருக்கட்டும்னு."

தோலில் குற்றமில்லை, யாரும் அவளுக்குப் புரியும்படி சொல்லவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அந்த 'யாரும்' நான்தான் என்று சொல்லவில்லை. புண் ஆறட்டும், ஒரு வருஷம் கழித்து வரட்டும், அப்போதும் உறுதியில்லை என்றார். அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு வருஷமா என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அன்னைக்கும் இங்கனதான ஒக்காந்திருந்திய, ஒங்களுக்கு மேலுக்குச் சொகமில்லையோக்கா?" என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன்.