எடைக்குப் போட்ட என் மெஷின்

வேலையை விட்டு அனுப்பியதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டேன். என் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விம்கோ நகர் தாண்டி ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருந்தேன். தொழிற்சாலைகளுக்கு இரும்புக் குழாய்களும், அந்தக் குழாய்களைத் தாங்கும் சட்டங்களும் செய்கிற இடம். எந்தக் குழாய் எங்கே வளைய வேண்டும், எந்தத் தாங்கி எந்தத் தூணில் உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து கொடுப்பது எங்கள் டிராயிங் செக்‌ஷனின் வேலை. நாங்கள் எல்லோருமே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். எர்ணாவூர், ராயபுரம், திருவொற்றியூர் என்று மீன்வாடை அடிக்கிற பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். எங்கள் மேனேஜருக்கு அது ஒரு குறை. வெளியிலிருந்து யாராவது வந்தால் முன்கூட்டியே வந்து சொல்வார்: "கிளையன்ட் வராங்க. இந்த இன்னா, கீது எல்லாம் கொஞ்சம் மூட்டை கட்டி வைங்க." நாங்களும் சிரித்துக்கொண்டே கட்டி வைப்போம். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஒருநாள் எங்களையெல்லாம் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். "டிராயிங் வேலையை வெளியில ஒரு ஆபீஸுக்குக் கொடுத்துட்டோம். இருக்கிற மெஷினும் பழசாயிடுச்சு. புது சாஃப்ட்வேர் அதுல ஓடாது. புதுசு வாங்க அப்ரூவல் கிடையாது." எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் மெஷினைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார். எங்களுக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் ஒரே காரணம், ஒரே வாக்கியம்.

அவை சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இல்லை. ஒர்க்ஸ்டேஷன் என்பார்கள். பெரிய வரைபடங்களைத் திறக்கவென்றே செய்த கனத்த இரும்புப் பெட்டி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பகலெல்லாம் அதில் குழாய் வரைவோம். மதியம் டப்பாவைக் காலி செய்துவிட்டு, மேனேஜர் கார் வெளியே போன சத்தம் கேட்டதும், ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டைத் திறப்போம். செக்‌ஷனிலேயே குறி தப்பாத ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

பெட்டிகள் யானைக்கவுனியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போகின்றன என்று கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். மறுநாளே போய் நின்றேன். சந்துக்குள் சுவரோரமாக அடுக்கியிருந்தார்கள். என்னுடையதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டு மூடியின் தாழ் உடைந்துபோனதால் என் கறுப்பு ஹேர்பேண்டைப் போட்டு இழுத்து மாட்டி வைத்திருந்தேன். ஹேர்பேண்ட் அப்படியே இருந்தது.

"அத்த வுடும்மா, உடைஞ்ச பீஸ். இத்த பாரு, கண்ணாடி மாரி கீது" என்றார் கடைக்காரர்.

"எனக்கு அதுதான் வோணும்."

"இன்னா, ராசியா?"

"இல்ல. அது என்னுது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "விக்கிறவன் உன்னுதுன்னு சொல்லலியேம்மா!"

சொல்லமாட்டான்தான். வாங்கி ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். வழி நெடுக கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அவற்றின் புகையை விழுங்கிக்கொண்டே மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கவில்லை.

கோபத்துக்காக மட்டும் அதை வாங்கவில்லை. எங்கள் வேலையை எடுத்துக்கொண்ட அந்த வெளி ஆபீஸ், வீட்டிலிருந்தே வரைந்து தருகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு சோதனை வரைபடம் தருவார்கள், நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து வேலை. மெஷின் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். அது அமையாவிட்டால் மாமா ஒருவர் பார்த்து வைத்திருந்த கண்டெய்னர் யார்டில் உட்கார்ந்து, வருகிற லாரி, போகிற லாரி நம்பரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். படித்த படிப்பும் பழகிய கையும் அதோடு சரி. அதனால் இந்தப் பெட்டி எழுந்து ஓடியே ஆக வேண்டும்.

எழுப்புவது சுலபமில்லை. விற்கும்போது உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்திருந்தார்கள். மெமரி போதாது. பழைய கிராஃபிக்ஸ் கார்டு வரைபடத்துக்கே மூச்சு வாங்கும், விளையாட்டைத் திறந்தால் விசிறி அலறும். எல்லாவற்றையும்விடப் பெரிய கழுத்தறுப்பு பவர் சப்ளை. இந்த வகைப் பெட்டிகளுக்கு மின்சாரம் தருகிற பாகத்தின் ஒயர்களும் முனைகளும் தனி தினுசு. கடையில் கிடைக்கிற எதுவும் பொருந்தாது. பெரிய கார்டுக்குக் கொடுக்கக் கூடுதல் ஒயரும் அதில் இல்லை. ஆகவே செருகுகிற இடத்திலிருந்து கிடைக்கிற மின்சாரமே போதும் என்கிற சின்ன கார்டுதான் தேட வேண்டும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன்.

நைனாவும் கூட வந்தார். என் அப்பா காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இன்ஜின் மெக்கானிக். சும்மா துணைக்கு வந்தவரைப் பார்த்துத்தான் கடைக்காரர் எல்லாவற்றையும் பேசினார். "பையனுக்கா சார்? என்ன கேம் ஆடுறாப்ல?"

"எனக்கு" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. "இந்தக் கார்டு போடுங்க சார், பையன் குஷியாயிடுவான்."

நைனா கையை உதறினார். "என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற? அதோ நிக்குதே, அதாண்ட சொல்லு. எனக்கு போட்டு இன்ஜினுதான் தெரியும்."

அந்த மனிதர் எடுத்து வைத்த கார்டுக்குத் தனி ஒயர் வேண்டும். என் பெட்டியில் அது இல்லை என்று சொன்னேன். "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாதுமா" என்றார். ஆகும். பாதி விளையாட்டில் மெஷின் அணைந்துபோகும், அல்லது பவர் சப்ளையே புகைந்துபோகும், அதற்கு மாற்றும் கிடைக்காது. அதை அவருக்கு எடுத்துச் சொன்ன சத்தத்தில் பக்கத்துக் கடைப் பையன்கள் எட்டிப்பார்த்தார்கள். கடைசியில் நான் கேட்ட சின்ன கார்டு, மெமரி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி, பிராசஸரின் சூட்டைக் கடத்தி வெளியேற்ற ஒரு குழாய் தெர்மல் பேஸ்ட், எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம். வரும்போது நைனா, "சோக்கா பேசின" என்றார். எனக்கு அப்போதும் ஆறவில்லை.

சனிக்கிழமை எல்லாவற்றையும் மாட்டினேன். பிராசஸர் மேலிருந்த பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்தேன். நைனா எதிரில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடியது. சோதனை வரைபடம் திறந்தது. திங்கள் காலை அனுப்ப வேண்டும், பாதிக்கு மேல் அன்றே முடித்துவிட்டேன்.

ஞாயிறு காலை நானும் அம்மாவும் மாதா கோயில் பூசைக்குப் போனோம். நைனா வரவில்லை, முட்டி வலி என்றார். கோயிலிலிருந்து வந்து பட்டனைத் தட்டினால் விசிறி பேய் மாதிரி சுற்றியது. பீப், பீப் என்று கத்தல். திரையில் ஒன்றுமே இல்லை.

மூடியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் நீல நிறத்தில் கிரீஸ். படகு இன்ஜினுக்குப் போடுகிற கெட்டி கிரீஸ். மெமரியைக் கழற்றி, அதன் தங்கநிறக் கால்களில் தடவி, அது உட்காருகிற பள்ளத்தில் அடைத்து, மறுபடி ஒழுங்காக மாட்டியிருந்தார் நைனா. கார்டுக்கும் அதே. திருகுகளுக்கும் அதே. என் ஹேர்பேண்டில்கூட ஒரு விரல் கிரீஸ்.

"நைனா! இன்னா பண்ணி வெச்சிகீற?"

"இன்னா பண்ணேன்? நீ போட்ட, நானும் போட்டேன். நீ போட்டது பத்தாது."

"அது கிரீஸ் இல்ல!"

"குழாய்ல கீது, தொட்டா வழவழன்னு கீது. கிரீஸ் இல்லாம இன்னா, பல்லு வெளக்குறதா?"

"ஐயோ, அது சூடு கடத்தறதுக்கு! ஒரே ஒரு எடத்துலதான்!"

"சூடு இன்னா சூடு. இந்தக் காத்துல செம்பு பச்ச புடிச்சு பூடும். ஜன்னல் கொக்கிய பாத்தியா, பூட்ட பாத்தியா? எல்லாத்தையும் உப்புத் துன்னுடுச்சு. போட்டுல ஒயர் மொனைக்கு மொனை கிரீஸ் வெச்சாதான் நிக்கும். உன் மெஷினுல தங்கமா மின்னுச்சே, அதுலதான் பாத்து பாத்து வெச்சிகீறேன்."

பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருந்தார். எங்கே வைக்கவே கூடாதோ அங்கேயெல்லாம்.

நான் கத்தியதில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நாளைக்குக் காலையில் அனுப்பணும், இது ஓடலன்னா நான் லாரி நம்பர் எழுதப் போகணும், உனக்குக் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அம்மா என் பக்கமும் பேசவில்லை, நைனா பக்கமும் பேசவில்லை. கிரீஸ் பட்ட என் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு சோப்பைத் தேடிப் போய்விட்டாள். நைனா முதலில் எதிர்த்துப் பேசினார். லாரி நம்பர் என்று சொன்னதும் மொபைல் டார்ச்சைத் தட்டிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

எனக்கு அவர்மேல் மட்டுமா கோபம்? இரும்பைத் தின்னும் காற்று, ஜன்னலைத் திறந்தால் வந்து உட்காரும் கறுப்புத் தூசி, பூட்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டே வாழப் பழகிவிட்ட எங்கள் வீடு, அதில் இந்த மனிதர் வேறெப்படி யோசிப்பார்? நல்ல நாற்காலியும் ஏசியும் உள்ள ஒரு அறையில் இந்தப் பெட்டி இருந்தது. அங்கே யாரும் இதற்குக் கிரீஸ் போட நினைத்திருக்க மாட்டார்கள். அந்த அறையிலிருந்து இதையும் என்னையும் சேர்த்துத் தூக்கி வெளியே வைத்தவன் எங்கேயோ ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

ஞாயிறன்று ரிச்சி தெரு கிடையாது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இருந்த ஸ்பிரிட் பாட்டில்களை வாங்கி வந்தேன். பழைய டூத் பிரஷ், அழி ரப்பர், கிழித்த வேட்டித் துணி. ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தேய்த்தேன். பள்ளங்களுக்குள் இருந்ததை எடுப்பதில்தான் உயிர் போனது. துணியை மெல்லிய அட்டையில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தால் நீலமாக வரும், மறுபடி விட்டால் மறுபடி நீலம். நைனா மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நீட்டப் போனவரை, "தொடாத. வெளிச்சம் மட்டும் காட்டு" என்றேன். காட்டினார். முட்டி வலியோடு மத்தியானம் முழுக்க நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

சாயங்காலம் பட்டனைத் தட்டினேன். திரை வந்தது. நைனா டார்ச்சை அணைத்துவிட்டுக் காசிமேட்டுக்குக் கிளம்பிப் போனார். நான் மீதி வரைபடத்தை முடித்து அனுப்பினேன். வேலை கிடைத்தது.

முன்பு மாதச் சம்பளத்துக்கு வரைந்த அதே கம்பெனியின் அதே குழாய்களைத்தான் இப்போது தாளுக்கு இவ்வளவு என்று வரைகிறேன். பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது, கரண்ட் பில் என்னுடையது. சனிக்கிழமை சாயங்காலங்களில் பழைய செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து விளையாட்டில் கூடுவோம். ஒருவன் உணவு டெலிவரி செய்கிறான், ஒருத்தி துணிக்கடையில் நிற்கிறாள். ஹெட்ஃபோனில் எல்லோர் குரலும் கேட்கும். கார்டு சூடாகும்போது பெட்டியிலிருந்து மெலிதாகக் கிரீஸ் வாசனை வரும். எங்கோ ஒரு மூலையில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மேனேஜர் கூப்பிட்டார். வரைபடத்தில் ஒரு சந்தேகம் என்று வெளி ஆபீஸ் என் நம்பரைக் கொடுத்திருக்கிறது. விளையாட்டின் நடுவில் போனை ஸ்பீக்கரில் போட்டேன். மைக்கும் திறந்தேதான் இருந்தது.

"அட, நீங்களா! நல்லா ஃபாஸ்ட்டா பண்றீங்களே. புது மெஷின் வாங்கிட்டீங்களா?"

"இல்ல சார். நீங்க எடைக்குப் போட்டீங்களே, அதுதான். கார்டும் மெமரியும் மாத்தினேன்."

"அதுல புது சாஃப்ட்வேர் ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"ஓ..." என்று இழுத்தார். கூசிப்போய்விட்டார் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம்.

"அந்தக் கடையில இன்னும் இருக்குமா? நீங்க அனுப்புறதை செக் பண்ண இங்க ரெண்டு மெஷின் தேவைப்படுது. கொஞ்சம் விசாரிச்சு, நீங்களே ரெடி பண்ணித் தர முடியுமா?"

ஹெட்ஃபோனில் சுடும் சத்தம் நின்றுபோனது. என் ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வேலை நாளைக்கே போகலாம் என்று தெரிந்துதான் வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் மூட்டை கட்டி வைத்திருந்ததை அவிழ்த்தேன்.

"மெஷினு கீது சார். அதுமுன்னாடி குந்திகினு இருந்தவங்களும் இங்கதான் கீறோம், எல்லாரும் லைன்லதான் கீறோம். எங்கள எந்தக் கடையில போட்டே? இன்னும் கீறோமான்னு ஒரு தபா கேளேன்?"

போன் கட்டாகவில்லை. அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இன்னும் இருக்கிறோமா என்கிற அந்தக் கேள்வி மட்டும் வரவே இல்லை.