‘பன்னி’ என்று கூப்பிட்ட நாள்

மைசூரு விஜயநகரில் எங்களுடையது சின்ன இளைஞர் மையம். களப்பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. காவ்யா வந்த முதல் நாளை மட்டும் என்னால் மறக்க முடியாது.

தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்குப் புதிதாக வந்த குடும்பத்துப் பெண் செல்வி. தையல் கற்க ஆசைப்பட்டு வாசல்வரை வந்தவள், தயங்கி நின்றாள். தமிழ் தெரியாத காவ்யா முகமெல்லாம் சிரிப்பாக, “பன்னி, பன்னி” என்று கூப்பிட்டாள். கன்னடத்தில் ‘வாங்க’ என்று அர்த்தம். இங்கேயே வளர்ந்த என் காதுக்கு அதில் எதுவும் உறைக்கவில்லை.

செல்வியின் கண் கலங்கிவிட்டது. “நான் என்ன பண்ணேன்? என்னைப் போயி பன்னிங்கறாங்க” என்றபடி போய்விட்டாள்.

விஷயம் புரிந்ததும் காவ்யா இடிந்துபோனாள். “என்னை வேற இடத்துக்கு மாத்திடுங்க அக்கா” என்று கன்னடத்தில் கெஞ்சினாள்.

“மாத்தறேன். அதுக்கு முன்னாடி அவளைப் பாத்துட்டு வரலாம், வா.”

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்த “மன்னிச்சிக்கோங்க, வாங்க” என்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தாள். தகரக் கொட்டகை முன்னால் செல்வியைக் கண்டதும் பாதி மறந்துபோய், “வாங்க... வாங்க” என்பது மட்டும்தான் வந்தது.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் மேஸ்திரி அவளுக்கு அர்த்தம் சொல்லியிருந்தார். “என் வீட்டுக்கு வந்து என்னையே வாங்கங்கறீங்களே” என்றாள். பிறகு பாயை உதறிப் போட்டு, வெட்கத்தோடு சொன்னாள்: “பன்னி அக்கா, உக்காருங்க.”

காவ்யா அதன்பிறகு மாற்றம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எந்த மாணவர் இடம் மாற்றச் சொன்னாலும், நான் முதலில் ஸ்கூட்டர் சாவியைத்தான் தேடுகிறேன்.