வெயில் மணி

1943, மார்ச் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை. ஜப்பானியர் பிடித்திருந்த எங்கள் ஊர் காஜா பெராங்கில், வீட்டுச் சமையலறையில், வழக்கம்போல, அவித்த மரவள்ளிக்கிழங்கின் வாடை. கூடத்துக் கடிகாரம் ஜப்பானியர் உத்தரவுப்படி தோக்கியோ நேரம் காட்டியது. சமையலறையிலிருந்த அலாரக் கடிகாரத்துக்கு எங்கள் வீட்டில் "வெயில் மணி" என்று பெயர். இராகு காலம் பார்க்காமல் எதையும் தொடங்காத அம்மா, "இராகுவுக்குத் தோக்கியோ எங்க தெரியும்?" என்பார். அதனால் அக்கா, போருக்கு முன் பள்ளியில் படித்தபடி, கொல்லையில் ஒரு கழி நட்டு, தெற்கு வடக்காகச் சுண்ணாம்புக் கோடு இழுத்து, கழியின் நிழல் கோட்டில் விழும்போது அந்தக் கடிகாரத்தில் பன்னிரண்டு வைப்பாள்.

அன்று மதியம் ரேடியோ தேடி ஒரு சிப்பாயும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வந்தார்கள். ரேடியோ ஒளித்தவருக்குத் தலை போகும். சிப்பாய் இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்தான்.

"பழைய நேரம் வெச்சிருக்கீங்க. லண்டன் செய்தி கேக்கத்தானே?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"பழைய நேரம்னா ஒன்றரை மணிதானே பின்னால இருக்கணும்? இது ரெண்டு மணி இருபது நிமிஷம் பின்னால. வெயில் பார்த்து வெச்சது. எந்த ரேடியோவும் சொல்லாத நேரங்க. பத்து நிமிஷம் நில்லுங்க, இதுல பன்னிரண்டு அடிக்கும்போது நிழல் கோட்டுல விழுறதைக் காட்டுறேன்" என்றாள் அக்கா.

"வேணாம்மா, நிழலை நம்பி என் தலையைக் குடுக்காத!" என்றார் அப்பா.

"ரெண்டு வாரமாத் தப்பலப்பா."

கொல்லையில் நின்றோம். வெயில் மணி என் கையில். முள் பன்னிரண்டை நெருங்கியபோது மேகம் வந்து நிழலை அழித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சிப்பாய் பிடியை விடவில்லை. பன்னிரண்டு. மேகம் விலகியது, நிழல் கோட்டின்மேல் கிடந்தது.

சிப்பாய் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நிழலை நெடுநேரம் பார்த்தான். பிறகு அப்பாவை விட்டுவிட்டு, கழியைப் பிடுங்கி முழங்காலில் முறித்துப் போட்டான்.

"இனிமே வெயிலு அவங்க சொல்றபடி அடிக்கணுமாம்" என்று முணுமுணுத்தபடி மொழிபெயர்ப்பாளர் அவன் பின்னால் போனார்.

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று தொலைநோக்கியால் பார்த்துச் சொன்னவர் தண்டிக்கப்பட்ட காலத்தைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். அந்தக் காலம் ஏன் பெரிது என்று பிள்ளைகள் கேட்டால் நான் கருவிகளைச் சொல்வதில்லை. சொல்பவர் யாராயிருந்தாலும் "காட்டு, பார்க்கலாம்" என்று கேட்க மனிதர் பழகிய காலம் அது. இராகுவை நம்பிய வீட்டில்கூட அந்தப் பழக்கம் ஒரு தலையைக் காப்பாற்றியது.

இன்று அந்தக் கொல்லையில் சிமெண்டுத் தரை. கடிகாரமும் இல்லை, கோடும் இல்லை. மறுநாள் காலை முதலில் நடந்தது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: அம்மா அடுப்பு மூட்டும் முன்பே, அப்பா துடைப்பக் கழியை முறிந்த கழியோடு வைத்து அளந்து வெட்டி, அதே குழியில் நட்டார்.