ஒரு வாளித் தண்ணீரின் உண்மை

பிள்ளைகள், விஞ்ஞானப் பாடத்துக்கென்று பள்ளிக்கூடத்தால் நேற்று நீங்கள் கொண்டுவந்த, தண்ணீரில் உப்பு அளக்கிற மீற்றரைக் கண்டதும் எனக்கு ஒரு பழைய கிணறு ஞாபகம் வந்தது. பேனை அளவு, வெள்ளை உடம்பு, நீல மூடி. இதேமாதிரி ஒன்றை கிணற்று வேலைகளை மேற்பார்க்கிற எங்கள் ஓவசியர் எந்நேரமும் சட்டைப் பையில் குத்தி வைத்திருந்தார். அந்த மனிசனில் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேணும் என்றும் நான் நினைக்கவில்லை. 'உப்புக் கிணறு வெட்டினவன்ர பிள்ளையள்' என்று சந்தியில் உங்களைப் பகிடி பண்ணினார்களாம். நடந்ததை என் வாயால் நீங்கள் அறியவேண்டும்.

தோட்டவெளியில் ஒரு அக்காவுக்கு ஒரேயொரு கிணறு. குடிக்கவும் அதுதான், மிளகாய்க் கன்றுகளுக்கும் அதுதான். சோளகக் காற்று அடித்த வறட்சிக் காலம், தண்ணீர் அடியில் கிடந்தது. ஆழப்படுத்தித் தரச்சொல்லி அரசாங்கக் கந்தோரில் எழுதிக் கொடுத்தா. ஓவசியர் வந்தார், நான் கூலியாள். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதந்து நிற்கும். அதனால் கிணறு வெட்டுகிறவர்கள் ஒவ்வொரு அடிக்கும் ஊறுகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, கரித்தால் நிறுத்திவிடுவார்கள். ஓவசியருக்கு அது பட்டிக்காட்டு வேலை. "கெதியா ஒரு வாளி அள்ளடா" என்றார். நான் மேல் தண்ணீரை அள்ளிக் கொடுத்தேன். மீற்றரை நனைத்தார். "சுத்த நன்னீர். இன்னும் நாலு அடி இறக்கு" என்றார்.

இரண்டாவது அடியில் என் நாக்குக் கரித்தது. மேலே பார்த்துச் சொன்னேன்: "ஐயா, உப்புப் பிடிக்குது. இன்னொருக்கா அளந்து பாருங்கோ."

"உன்ர நாக்குக்குச் சேட்டிபிக்கற் இருக்கோ? விஞ்ஞானம் பிழைக்காது, வெட்டு!"

மேலே வாளிக் கயிறு பிடித்து நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் நான் வெட்டினேன். உண்மையைச் சொன்னால், என் நாக்கிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. காலையில் கருவாடு தின்றிருந்தேன். ஆனால் இன்னொரு வாளி அளக்க எவ்வளவு நேரம் போகும்?

நாலாவது அடியில் கடல் வந்தது. அப்போதுதான் ஓவசியர் மீற்றரைத் திரும்ப நனைத்தார். அதுவும் உப்பென்று காட்ட, உதறினார், பற்றரி பிழை என்றார். போகும்போது கொப்பியில், சொன்ன ஆழத்தைத் தாண்டிக் கூலியாள் வெட்டிவிட்டான் என்று எழுதினார். அக்கா மண் படிந்த என் கையைப் பார்த்து, "நீதானே வெட்டினனீ. நாசமாய்ப் போவாய்" என்றா. நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வெட்டினது நான்தானே. ஒரு மாதத்துக்குள் மிளகாய் கருகியது. பிறகு அந்தக் கிணற்றில் ஆரும் குடிக்கத் தண்ணீர் அள்ளவில்லை.

மீற்றர் பொய் சொல்லவில்லை, பிள்ளைகள். அந்த ஒரு வாளியைப் பற்றி அது சரியாகத்தான் சொன்னது. அதை முழுக் கிணற்றின் சாட்சியாக்கினது ஓவசியர். அவர் பிழை விட்டதற்காக நான் அவரைத் திட்டவில்லை; பிழை விடாதவன் ஆர்? 'எனக்குத் தெரியாது, திரும்பப் பார்ப்பம்' என்ற இரண்டு சொல் அவர் வாயில் வரவேயில்லை. அதுதான் எனக்கு மன்னிக்க ஏலாதது. என் நாக்குப் பிழைத்திருந்தால் ஒரு வாளித் தண்ணீர்தான் வீண். அவரின் நிச்சயம் பிழைத்தபோது ஒரு வீட்டின் கிணறு போனது.

நீங்கள் நேற்று ஒரு வாளியை அளந்துபோட்டுக் கொப்பியில் 'எங்கள் கிணற்று நீர் நல்லது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அழித்துப்போட்டு எழுதுங்கோ: எந்த வாளி, எத்தனை அடியில் அள்ளினது, எந்த நாள், எத்தனை தரம் அளந்தது.

அந்த ஓவசியர் என்றைக்காவது எங்கள் வாசலுக்கு வந்தால் கதிரை போடுவேன். தண்ணீர் கேட்டால், அந்த அக்காவின் கிணற்றில் ஒரு செம்பு அள்ளிவந்து கொடுப்பேன். இந்த மீற்றரை மட்டும் நீங்கள் ஒளித்து வைத்துவிடுங்கோ. அந்த மனிசன் தன்ர நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும், நன்னீரோ உப்போ என்று.